21 பெரிதா, 12 பெரிதா?

21 பெரிதா, 12 பெரிதா என்று கேட்டால் முதல் வகுப்புக் குழந்தைகூட விடை சொல்லிவிடும். ஆனால் பொன்மலையில் ஒரு ஸ்டூடியோவில் 2009 தை மாதம் இந்தக் கேள்வி பெரிய வழக்காகிவிட்டது. வழக்காடியவர்கள் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணனும் அவருடைய அக்காள் மகனும். நான் அப்போதுதான் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் போனவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“தம்பி, நீங்களே சொல்லுங்க. இவன் 21 மெகாபிக்சல்தான் வேணுங்கிறான். எனக்கு 12 போதும்னு தோணுது.”

“சார், ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை. கூட இருக்கிறதை விட்டுட்டுக் குறைச்சலா இருக்கிறதை யாராவது வாங்குவாங்களா? மாமாவுக்குச் சொன்னா புரியலை.”

பேசப்பட்ட கருவிகள் இரண்டும் 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தவை. நிக்கான் டி700, 12 மெகாபிக்சல். கேனான் 5டி மார்க் 2, 21 மெகாபிக்சல். எதை வாங்கினாலும் லட்சம் ரூபாய்க்கு மேல். அதற்காக வீட்டு நகை அடகுக்குப் போக இருந்தது. ஆகவே இது வெறும் வாய்ச்சண்டை அன்று. தவறாக வாங்கினால் இரண்டு முகூர்த்தப் பருவத்து உழைப்பு வட்டிக்கே போய்விடும்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். டி.எஸ்.எல்.ஆர். என்பதில் லென்ஸ் ஒன்றே. அதன் வழியே வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்புகிறது. மேலே உள்ள ஐம்முகப் பட்டகம் தலைகீழ், இடவலக் கோளாறுகளைச் சரிசெய்து பிம்பத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி பின்னால் இருக்கும் சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டில் விழுகிறது. கண்ணாடி மேலே இருக்கும் அந்தக் கணத்தில் புகைப்படக்காரருக்குக் காட்சி இருண்டுவிடும். தாலி முடிச்சு விழும் நொடியைப் படமாக்குகிறவர் அந்த நொடியைத் தம் கண்ணால் பார்ப்பதே இல்லை! (இன்று இந்தக் கண்ணாடியே இல்லாத கருவிகள் பெருகிவிட்டன.)

சென்சார் ஒரு சிலிக்கன் தகடு. அதன்மேல் கட்டம் கட்டமாகப் பல லட்சம் ஒளிக்குழிகள். இவையே பிக்சல்கள், அதாவது படப்புள்ளிகள். ஒளித்துகளான ஃபோட்டான் சிலிக்கனில் விழுந்தால் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது. குழியில் சேர்ந்த எலெக்ட்ரான்களை எண்ணினால் அங்கே எவ்வளவு ஒளி விழுந்தது என்பது தெரிந்துவிடும். பத்து லட்சம் குழிகள் ஒரு மெகாபிக்சல். குழிக்கு நிறம் தெரியாது. எனவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறவடிகட்டி உண்டு: பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். இந்த ஏற்பாட்டுக்குக் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்றார். 12 மெகாபிக்சல் கருவியில் சிவப்பை நேரடியாக அளப்பவை 30 லட்சம் குழிகளே. மற்ற இடங்களின் சிவப்பை அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணினி ஊகித்துக்கொள்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். மருமகனின் கட்சியை முதலில் ஆராயலாம்.

கேனானின் தகட்டில் குறுக்கே 5616, நெடுக்கே 3744 குழிகள். நிக்கானில் 4256, 2832. பெருக்கிப் பார்த்தால் 2 கோடியே 10 லட்சமும், 1 கோடியே 20 லட்சமும் வரும். ஏறத்தாழ இரு மடங்கு போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் நுணுக்கம் என்பது நீளத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. 5616 ஐ 4256 ஆல் வகுத்தால் 1.32 தான்.

இதைத் திருவரங்கத்து ராஜகோபுரத்தில் வைத்துப் பார்ப்போம். 1987 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பதின்மூன்று நிலைக் கோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். கருவியைச் செங்குத்தாகத் திருப்பிக் கோபுரம் படத்தை நிறைக்குமாறு எடுத்தால், 72 மீட்டர் 5616 புள்ளிகளில் பதியும். புள்ளிக்குச் சுமார் 13 மில்லிமீட்டர். மற்றதில் புள்ளிக்கு 17 மில்லிமீட்டர். ஒரு சுதைச்சிற்பத்தின் கண்ணிமையைத் தேடுகிறவருக்கு இது வேறுபாடுதான். ஆனால் ‘இரு மடங்கு’ என்ற சொல் தரும் மயக்கம் இதில் இல்லை.

அதுவும் துளையைச் சுருக்காதவரை. லென்ஸின் துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து, ஒரு புள்ளி சிறு வட்டமாகப் பரவுகிறது. இதுவே விளிம்பு விளைவு. துளை எண் 16 இல், பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 21 மைக்ரான். கேனானின் ஒரு குழியோ 6.4 மைக்ரான். உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று காவிரி முதல் கொள்ளிடம் வரை எல்லாம் தெளிவாக விழவேண்டும் என்று துளையை மிகவும் சுருக்கினால், காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தில் ஒரு பகுதியை இயற்கை திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஆல்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். அரை மீட்டர் தொலைவில் ஆல்பத்தை வைத்துப் பார்த்தால் இது அங்குலத்துக்கு ஏறத்தாழ 175 புள்ளிகள். 18 அங்குல அகலப் பக்கத்தில் 12 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 236 புள்ளிகள் தருகிறது. போதும். மாமா பக்கம் ஒரு மதிப்பெண்.

ஆனால் மாமா சொன்ன காரணம் வேறு. “குழி பெருசா இருந்தா இருட்டுல நல்லா எடுக்கும்னு சொல்றாங்க தம்பி. நம்ம மண்டபங்கள்ல வெளிச்சம் எங்க இருக்கு?” அந்த ஆண்டுகளில் புகைப்படக்காரர்களிடையே இது வேதவாக்காக இருந்தது. இதில் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்பதுதான் பாடம்.

மொட்டைமாடியில் ஒரே அளவுக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, தூறல் விழும்போது ஒவ்வொன்றிலும் விழும் துளிகளை எண்ணுவதாகக் கொள்வோம். எல்லாவற்றிலும் சரியாக நூறு துளி விழாது. ஒன்றில் 93, இன்னொன்றில் 108 என்று ஏறி இறங்கும். சராசரி 100 ஆனால் இந்த ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10 அளவில் இருக்கும், அதாவது 10 சதவீதம். பெருமழையில் பத்தாயிரம் துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. வெறும் 1 சதவீதம். ஃபோட்டான்களும் தூறலைப் போலவே விழுகின்றன. ஒளி குறைவான படத்தில் ஒரே நிறச் சுவர்கூட மணல் தூவியதுபோல் தெரிவது இதனால்தான். கருவியின் பிழையன்று, ஒளியின் இயல்பு. (ஒளி குறைந்தால் பொறுமை வேண்டும் என்பது திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த சர் சி. வி. இராமனுக்கு நன்றாகத் தெரியும். சிதறிய மங்கலொளியின் நிறமாலையைத் தகட்டில் பிடிக்க அவர் குழுவினர் நெடுநேரம் காத்திருந்தார்கள். மணவறையில் அப்படிக் காத்திருக்க முடியாது.)

இரு கருவிகளின் தகடுகளும் 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் அளவுடையவை. பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவு. ஆகவே நிக்கானில் 4 குழிகள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் கேனானில் 7 குழிகள் இருக்கும். மங்கலான ஒரு காட்சியில் கேனானின் ஒரு குழிக்கு 100 ஃபோட்டான் விழுகிறது என்க. ஏற்ற இறக்கம் 10 சதவீதம். நிக்கானின் குழிக்கு 175 விழும். அதன் வர்க்கமூலம் சுமார் 13, எனவே 7.6 சதவீதம். பெரிய குழி வென்றுவிட்டது!

அவசரப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே அளவு ஆல்பத்தில் அச்சிட்டால், அங்கே 4 குழிகள் நிரப்பும் இடத்தை இங்கே 7 குழிகள் நிரப்புகின்றன. நான்கு 175 எழுநூறு. ஏழு 100 எழுநூறு. அந்த இடத்தில் விழுந்த ஒளி ஒன்றே. ஏற்ற இறக்கமும் ஒன்றே, சுமார் 3.8 சதவீதம். மாடியில் நான்கு பெரிய பாத்திரம் வைத்தாலும் ஏழு சிறிய பாத்திரம் வைத்தாலும், மொத்த வாய்ப்பரப்பு ஒன்றானால் சேரும் மழைநீர் ஒன்றே. ஒவ்வொரு குழியையும் எண்ணிப் படிக்கும்போது மின்சுற்று சிறிது பிழை சேர்ப்பதால் கன்னங்கரிய பகுதிகளில் பெரிய குழிக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு. அவ்வளவே.

அப்படியானால் இருட்டில் எது உதவும்? மொத்தத் தகட்டின் பரப்பு. அண்ணனிடம் அதுவரை இருந்தது நிக்கான் டி80. அதன் தகடு 23.6 க்கு 15.8 மில்லிமீட்டர். புதிய தகட்டின் பரப்பு இதைப்போல் 2.3 மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் மணல் ஒன்றரை மடங்கு குறையும். நல்லதுதான்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று கண்ணெதிரே கிடந்ததை இருவருமே பார்க்கவில்லை. டி80 இல் மாட்டியிருந்தது 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். 55 இல் வைத்தால் அதன் துளை எண் 5.6. கடையில் 50 மில்லிமீட்டர், துளை எண் 1.8 லென்ஸ் கிடைக்கிறது. கேமரா விலையில் அது சிறு பங்கு. ஒளி, துளை எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் வரும். 5.6 ஐ 1.8 ஆல் வகுத்து வர்க்கம் செய்யுங்கள். 9.7! ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி. 1/15 நொடியில் கை நடுங்கி எடுக்கும் படத்தைச் சுமார் 1/150 நொடியில் எடுத்துவிடலாம்.

இதைச் சொன்னதும் அண்ணன் கால்குலேட்டரை வாங்கித் தாமே போட்டுப் பார்த்தார்.

விலை கொடுக்காமல் எதுவும் வராது என்பதையும் சொன்னேன். துளை அகன்றால் தெளிவாக விழும் ஆழம் குறையும். மூன்று மீட்டர் தொலைவில், டி80 இல், துளை எண் 5.6 க்கு இந்த ஆழம் சுமார் 80 சென்டிமீட்டர். 1.8 க்கு 26 சென்டிமீட்டரே. மணப்பெண் துல்லியமாக இருப்பாள். பின்னால் நிற்கும் நாத்தனார் மங்கிப்போவார். அப்புறம் ஆல்பம் கொடுக்கும் நாளில் பஞ்சாயத்துத்தான்.

மற்ற அம்சங்களை விரைவாகவே பார்த்தோம். நிக்கான் நொடிக்கு 5 படம், கேனான் 3.9. இரு படங்களுக்கு நடுவே 0.2 நொடியும் 0.26 நொடியும் இடைவெளி. மூன்று முடிச்சுக்கு எதுவும் போதும். குவியப்படுத்தும் புள்ளிகள் நிக்கானில் 51, கேனானில் 9. நகர்கிறவர்களை எடுக்க முன்னது வசதி. கேனானில் முழு உயர்தெளிவு வீடியோ உண்டு, நிக்கானில் அறவே இல்லை. “கல்யாணத்துல வீடியோவுக்கு வேற ஆள் வர்றாங்கடா மாப்ளே” என்று மாமா அதைத் தள்ளிவிட்டார். இதில் மருமகன்தான் தொலைநோக்கு உள்ளவர். 2012 இல் ‘வழக்கு எண் 18/9’ என்ற தமிழ்ப்படமே இவ்வகை ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டு வெளிவந்தது.

எழுந்திருக்கும் நேரத்தில் மருமகன் கேட்ட கேள்விதான் என்னைத் தடுத்தது. “ஒர்க்‌ஷாப் குரூப் போட்டோவுக்கு என்ன சார் சொல்றீங்க?”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து 1920 களின் இறுதியில் இங்கு வந்தது. நீலகிரி மலை ரயிலின் நீராவி இஞ்சின்கள் பழுதுபார்க்கப்படுவது இங்கேதான். ஒருவர் ஓய்வு பெற்றால் உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பல ஆண்டு கழித்து அவர் காலமானதும் வீட்டார் அந்தப் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வருவார்கள். “அப்பா தனியா எடுத்த படமே இல்லைங்க. இதுல மூணாவதா நிக்கிறவரை மட்டும் பெருசாக்கிக் கொடுங்க” என்பார்கள்.

இங்கே ஆல்பத்துக் கணக்கு செல்லாது. வரிசையில் இருபது பேர், பத்து மீட்டர் அகலம் என்க. முகத்தின் அகலம் 15 சென்டிமீட்டர். கேனானில் ஒரு முகம் குறுக்கே 84 புள்ளி, நிக்கானில் 64. மாலை போட்டு மாட்டும் படத்துக்கு இரண்டுமே பற்றாது; ஆனால் 84 இல் கண்ணின் ஈரம் தெரியக்கூடும். நான் தயங்கினேன். மாமாதான் வழி சொன்னார். கருவியைத் தாங்கியில் நிறுத்தி, வரிசையை நான்கு துண்டாகக் கிட்டத்தில் எடுத்து, கணினியில் ஒட்டிவிடுவது. ஒவ்வொரு துண்டும் ஓரத்தில் சற்றே மேல்விழும்படி மூன்று மீட்டர் அகலம் என்றால், பழைய டி80 இன் 3872 புள்ளிகளிலேயே முகத்துக்கு 190 புள்ளி கிடைத்துவிடுகிறது! எல்லாரும் அந்தச் சிறிது நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் நின்றவர்கள்தானே என்றார்.

அந்தத் தை மாதம் அவர்கள் வாங்கியது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டுமே. நகை வீட்டிலேயே இருந்தது. மறு ஆண்டு சேமிப்பில் டி700 வந்தது. பழைய ஜூம் லென்ஸ் சிறிய தகட்டுக்கென்று செய்யப்பட்டதால், அதை மாட்டினால் டி700 தன் தகட்டின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி 5 மெகாபிக்சல் படமே தரும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தத் தடை இல்லை. மருமகன் பின்னர் தனியாகக் கடை வைத்தபோது கேனானே வாங்கினார், வீடியோவுக்காக.

உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் இதைச் சோதிக்கலாம். மாலை மங்கியபின் விளக்கைப் போடாமல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். விளக்கைப் போட்டு இன்னொன்று. இரண்டிலும் ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு கைப்பேசியைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து, இருட்டுச் சுவரை அசையாமல் பதினாறு முறை எடுத்து, கணினி தெரிந்த அண்ணனையோ அக்காளையோ விட்டு அவற்றின் சராசரியைச் செய்யச் சொல்லுங்கள். மணல் எத்தனை மடங்கு குறைய வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.