காளான் அல்லாத காளான்

மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், ஆனைமலை அடிவாரத்து ஊராட்சி ஒன்றின் பாதைப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். காட்டோரத்தில், மக்கிய இலைகளினூடே, செம்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், விரல் நீளத்தில், குண்டாந்தடி போன்ற சில உருக்கள் தலைநீட்டி நின்றன. "ஐயா, இந்தக் காளானைக் கறி சமைக்கலாமா?" என்று வினவினார் உடன் வந்த ஊராட்சி உறுப்பினர். நாமும் முதலில் காளான் என்றே கருதினோம். கல்லூரியில் தாவர நூல் பயின்றிருந்தும் கண் ஏமாறியதை ஒளிப்பதற்கில்லை.

குனிந்து நோக்கியபோதுதான் ஐயம் எழுந்தது. குடைக்காளானின் அடியில் காணும் மடல்வரிகள் இதில் இல்லை. தண்டைச் சுற்றிச் சதைப்பற்றுள்ள செதில் இலைகள் இருந்தன. காளானுக்கு இலை ஏது? உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க, ஒன்றன் தலையில் மகரந்தம் நிறைந்த ஆண் பூக்கள் தெரிந்தன. மற்றொன்றின் தலை பட்டுத்துணிபோல் இருந்தது. அதிலிருந்தவை பெண் பூக்கள். தாவர உலகிலேயே மிகச் சிறிய பூக்களில் இவையும் அடங்கும். மண்ணை மெல்ல விலக்கினோம். முடிச்சு முடிச்சான கிழங்கு ஒன்று மரவேரை இறுகப் பற்றியிருந்தது. காளானாயின் வெண்ணிற இழைகளே பரவியிருக்கும்.

இதுவே பலனோபோரா என்னும் வேர் ஒட்டுண்ணி. காப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772–1775) உடன் சென்ற பார்ஸ்டர் என்னும் தந்தையும் மகனும் இதற்குப் பெயரிட்டனர். பச்சையம் இல்லாமையால் தன் உணவைத் தானே ஆக்க இயலாது. மரவேரிலிருந்தே உறிஞ்சி வாழ்கிறது. இதன் கிழங்கில் மெழுகு மிகுதி. ஜாவாத் தீவில் இவ்வினத்தைக் கொண்டு விளக்குத்திரி செய்ததுண்டு.

காட்டிலுள்ளதைக் காட்டிலேயே விட்டு வந்தோம். ஆனால் இதே கூட்டத்தைச் சேராவிடினும், இதே தொழில் செய்யும் செடி ஒன்று நம் வயலில் இருக்கிறது. புகையிலை பயிரிடுவோர் அதைப் 'புகையிலைக் காளான்' என்றே அழைக்கின்றனர். அதுவும் காளான் அன்று. பூத்துக் காய்க்கும் ஒட்டுண்ணிச் செடி. தக்காளி, கத்தரி வேர்களையும் அது விடுவதில்லை. காளான்தானே, வெயிலில் கருகிவிடும் என்று வாளாவிருப்போரைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். பெயரால் வந்த கேடு இது. ஒரு செடியில் பல்லாயிரம் விதைகள் தூசிபோல் உதிரும். மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடந்து, தக்க பயிரின் வேர்க்கசிவு பட்டதும் முளைக்கும். சோளக்கொல்லையில் தொல்லை தரும் சுடுமல்லியின் வழியும் இதுவே.

ஆகவே தலைநீட்டியவுடன், பூக்குமுன், பிடுங்குக. பிடுங்கியதை வரப்பில் எறிதல் கூடாது. மாட்டுக்கும் இடலாகாது, விதை சாணத்தோடு மீண்டும் வயலுக்கே வந்து சேரும். எரித்துவிடுதலே தகும். தொல்லை மிகுந்த நிலத்தில் எள், உளுந்து போன்றவற்றை மாற்றிப் பயிரிடலாம். அவற்றின் வேர்க்கசிவு விதையை முளைக்கத் தூண்டும், ஒட்டிக்கொள்ள இடமளிக்காது, முளைத்தது பசியால் மடியும்.

சமைக்கலாமா என்று கேட்ட உறுப்பினருக்கு வேண்டாம் என்றே விடையளித்தோம். மறுவாரம் தம் புகையிலைக் கொல்லையிலிருந்து ஒரு கூடை நிறையப் பிடுங்கி வந்து, எங்கே எரிப்பது என்று கேட்டார்.