நீர்வரத்தைப் பார்த்து வாடகைக்கு விடுங்கள்: ஒகேனக்கல் வீட்டுக்காரர்களுக்கு

ஒகேனக்கல்லில் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் காலையில் முதலில் பார்க்க வேண்டியது பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து நிலவரம். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் உபரிநீர் திறந்துவிட்டார்கள் என்றால், பின்னாலேயே பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை வரும். அறை பிடித்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு போன் செய்வார்.

அதனால் முதல் வேலை, முன்பண விதியை எழுதிவைப்பது. ஆடிப்பெருக்குக் கூட்டம் ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். 2018-இல் நீர்வரத்து விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியதும் அதே ஆகஸ்டில்தான். கூட்டமும் வெள்ளமும் ஒன்றாக வரும் ஊரில் வாய்ப்பேச்சு உதவாது. தடை வந்தால் முழுப் பணம் திரும்பும் அல்லது வேறு தேதி தரப்படும், அறை பிடித்தவராக ரத்து செய்தால் பாதிதான் என்று பதிவின்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தடை நாளில் முன்பணத்தைப் பிடித்துவைப்பவருக்கு அந்த ஒரு நாள் வாடகை மிஞ்சும், வாடிக்கையாளர் போய்விடுவார். இன்னொன்று: தடை இருக்கும்போது ‘எனக்குத் தெரிந்த துறை ஒன்று இருக்கிறது’ என்று விருந்தினரை ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். உயிர் போனால் எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது பதிவேடு. தங்குபவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலும் வண்டி எண்ணும் அதில் இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். நாள் வாடகைக்கு விடும் அறையை வீட்டு மின் இணைப்பிலேயே, 100 யூனிட் இலவசத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய இணைப்புக்கு மாறிவிடுங்கள். பறக்கும் படை வந்த பிறகு மாறினால் செலவு அதிகம்.

இனி அறைக்குள் போவோம். இந்த ஊர் அறைகளைப் பாழாக்குவது எண்ணெய். ஆற்றங்கரையில் எண்ணெய் மசாஜ் முடித்து அருவியில் குளித்தவர்கள் எண்ணெய் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு மெத்தையில் விழுவார்கள். வெள்ளை விரிப்பு இங்கே சரிப்படாது. அடர்நிற விரிப்பே போடுங்கள். மெத்தைக்கு ரெக்சின் உறை மாட்டுங்கள். துடைக்கத் தனியாகப் பழைய துண்டுகளை வாசலிலேயே வையுங்கள். குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ் பதித்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். எண்ணெயும் முடியும் சேர்ந்து குழாயை அடைக்கும். வாரம் ஒருமுறை சலவைத்தூள் கலந்த வெந்நீரைச் சாக்கடை வாயில் ஊற்றினால், பிளம்பரைத் தேடி பென்னாகரம் போக வேண்டியதில்லை.

அடுத்தது மீன். விருந்தினர்கள் கரையில் மீன் வாங்கி, சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் குழம்பும் வறுவலும் செய்து வாங்கிக்கொண்டு அறைக்கு வருவார்கள். கூடாது என்று பலகை மாட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே நிழலில் ஒரு கல் மேசையும் பக்கத்தில் ஒரு குழாயும் போட்டுக் கொடுங்கள், அங்கேயே சாப்பிடுவார்கள். குப்பைத் தொட்டிக்குக் கொக்கி போட்ட மூடி வேண்டும். இல்லாவிட்டால் முள்ளும் இலையும் குரங்குகளின் தயவில் மொட்டை மாடி வரை போகும். ஜன்னலுக்குக் கம்பி வலையும் தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டும் அவசியம்.

குடிநீரை அலட்சியம் செய்யாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குளிக்கும் குழாய் எது, குடிக்கும் குழாய் எது என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள்.

மாத வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் பரிசல் ஓட்டுபவர், மசாஜ் செய்பவர், மீன் கடைக்காரர். தடை வந்தால் அவர்களுக்கும் வருமானம் இல்லை. ஐந்தாம் தேதி வாசலில் நின்று சத்தம் போட்டால் பணம் முளைக்காது. ஆண்டு வாடகையைச் சமமாகப் பன்னிரண்டாகப் பிரிக்காமல், ஏப்ரல், மே மாதங்களில் கூடுதலாகவும் வெள்ள மாதங்களில் குறைவாகவும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது; வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நகரங்களில் அதிகம் பேசப்படும் சட்டம் என்றாலும், ஊராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கும் அந்த ஒழுங்கு நல்லதே. சாவி கொடுக்கும் அன்றே சுவர், கதவு, மீட்டர் அளவு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதை அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வெள்ளையடிப்பு, குழாய் வேலை, மெத்தை மாற்றுவது எல்லாவற்றையும் தடை நாட்களுக்கு ஒதுக்குங்கள். கொத்தனாரிடமும் பெயின்டரிடமும் ஆனியிலேயே சொல்லிவையுங்கள். ஆடியில் எல்லா வீட்டுக்காரரும் அவர்களைத்தான் தேடுவார்கள்.