முதல் மூன்று மாதப் பசி

ஒரே மந்தை. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு செம்மறிக் குட்டிகள். ஆறு மாதம் கழித்து இரண்டும் சந்தைக்கு வருகின்றன. ஒரு குட்டி திரட்சியாக இருக்கிறது. இன்னொன்றின் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. வியாபாரி அந்தக் குட்டியைத் தூக்கிப் பார்க்கிறார். குறைந்த விலைதான் கேட்கிறார்.

"இரண்டும் ஒரே காட்டில்தானே மேய்ந்தன?" என்கிறார் ஆட்டுக்காரர்.

மேய்ச்சல் ஒன்றுதான். ஆனால் குடித்த பால் ஒன்றல்ல. இளைத்த குட்டி இரட்டையில் ஒன்று. தாயிடம் பால் குறைவு. வீட்டுத் தேநீருக்கும் அதே மடியில்தான் கறந்தார்கள்.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 7 கோடியே 42 லட்சம் செம்மறி ஆடுகள் இருந்தன. தெலங்கானா, ஆந்திரா, கர்நாடகம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் அதிகம். ராஜஸ்தானில் டோங்க் மாவட்டம் உள்ளது. அங்கே மால்புரா என்ற ஊர். மால்புரா ஆட்டு இனத்துக்கு அந்த ஊரின் பெயர்தான். அதன் அருகே 1962இல் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு அவிகாநகர் என்று பெயர். 'அவி' என்றால் வடமொழியில் செம்மறி ஆடு.

அந்தப் பகுதியில் பல ஆடுகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டி போடும். குட்டிக்கு இரண்டு மாதம் ஆகும்போது வெயில் ஏறிவிடும். புல் காயும். தாய்க்குத் தீனி குறையும். தீனி குறைந்தால் பாலும் குறையும். குட்டி வேகமாக வளர வேண்டிய காலமும் அதுவே.

குட்டி பிறந்ததும் முதலில் வேண்டியது சீம்பால். நோயைத் தடுக்கும் சக்தி ஆட்டுக்குட்டிக்குக் கருவில் கிடைப்பதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அந்தச் சக்தியைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாள் மட்டுமே உறிஞ்சும். நேரம் போகப் போக அதுவும் குறையும். ஆகவே பிறந்த ஓரிரண்டு மணி நேரத்துக்குள் குட்டி மடியைப் பிடிக்க வேண்டும். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் வேளையில் சுமார் 150 மில்லி வேண்டும். சீம்பாலைக் கறந்து கீழே விடுவது சில ஊர்களில் வழக்கம். அது குட்டியின் உயிரைக் கீழே ஊற்றுவது போலத்தான்.

அடுத்தது பால். இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். குட்டி 1 கிலோ எடை ஏறச் சுமார் 5 லிட்டர் தாய்ப்பால் வேண்டும். வீட்டுக்கு நாளுக்கு அரை லிட்டர் கறந்தால் 10 நாளில் 5 லிட்டர். அதாவது 10 நாளுக்கு ஒரு கிலோ எடை போகிறது. ஒரு மாதத்தில் மூன்று கிலோ. சந்தையில் மூன்று கிலோவுக்கு என்ன விலை என்று ஆட்டுக்காரருக்கே தெரியும்.

"போனால் போகட்டும், மழை வந்து பச்சை முளைத்தால் தேறிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. வளர்ந்த ஆடு கோடையில் இளைக்கும். மழைக்குப் பின் தேறும். குட்டி சில நாள் மட்டும் அரைவயிறாக இருந்தாலும் தேறிவிடலாம். ஆனால் பிறந்த முதல் வாரங்களில் வந்த நீண்ட பசி அப்படி ஆறுவதில்லை.

ஸ்பெயின் நாட்டில் லியோன் என்ற இடத்தில் மெரினோ குட்டிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சில குட்டிகளுக்குப் பால் குடிக்கும் பருவத்தில் பாலைக் குறைத்தார்கள். பால் மறந்த பிறகு எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே தீவனம் கொடுத்தார்கள். பசியில் வளர்ந்த குட்டிகள் தின்ற தீவனத்துக்கு ஏற்றபடி எடை ஏறவில்லை. பின்னால் தீனி கொட்டினாலும் செலவுதான் கூடியது.

கம்பளியிலும் இந்தப் பசி தெரியும். ஆட்டின் தோலில் முடி முளைக்கும் சின்னக் குழிகள் உண்டு. அவை இரண்டு வகை. ஒரு வகை கருவிலேயே முழுதாகிவிடும். மற்றொரு வகை கருவில் தொடங்கிப் பிறந்த பின் முதிரும். மெல்லிய முடி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் குழியிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் பசி இருந்தால் முடி தரும் குழிகள் குறைந்துவிடும். பிறகு எத்தனை தீனி போட்டாலும் அந்தக் குறை தீராது. பீகானேர் சந்தைக்குக் கம்பளி அனுப்பும் ஆட்டுக்காரருக்கு இது ஆண்டுதோறும் வரும் நட்டம்.

பெட்டைக் குட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இளைத்த பெட்டை பருவத்துக்கு வரத் தாமதமாகும். முதல் ஈற்றும் தள்ளிப்போகும். உடல் சிறுத்திருந்தால் அதற்குப் பிறக்கும் குட்டியும் சிறுத்துப்போகலாம்.

அவிகாநகரில் அவிஷான் என்ற புது ஆட்டினத்தை உருவாக்கினார்கள். இது அடிக்கடி இரட்டைக் குட்டி போடும். இரட்டைக் குட்டி என்றால் இரட்டை வருமானம் என்று தோன்றும். ஆனால் மடி ஒன்றுதான். தாய்க்குத் தீனி போட முடியாத வீட்டுக்கு இரட்டைக் குட்டியை விட நல்ல ஒற்றைக் குட்டியே லாபம்.

தீனியைத் தாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கருவில் குட்டி அதிகம் வளர்வது கடைசி ஆறு வாரங்களில். அப்போதும் பால் கொடுக்கும் காலத்திலும் தாய்க்கு மேய்ச்சலோடு நாளுக்குக் கால் கிலோ தானியமும் பிண்ணாக்கும் கலந்து கொடுக்கலாம். ராஜஸ்தானில் வன்னித் தழையையும் இலந்தைத் தழையையும் காயவைத்துச் சேமிப்பார்கள். கோடைக்கு அது கைகொடுக்கும்.

குட்டியின் அசைபோடும் வயிறு பிறக்கும்போது மிகச் சிறியது. தழையும் தானியமும் தின்னத் தின்னத்தான் அது வளரும். ஆகவே இரண்டாவது வாரத்திலேயே குட்டியின் முன் இளந்தழையும் உடைத்த தானியமும் வைக்க வேண்டும். முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். பிறகு தின்னும். பெரிய ஆடுகள் வந்தால் ஒரு வாயில் முடித்துவிடும். அதற்காகக் குட்டி மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தனியாக வேலி கட்ட வேண்டும். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

குட்டியைத் துணித் தொட்டிலில் போட்டு விற்தராசில் நிறுக்கலாம். பிறந்த அன்று ஒரு முறை, பிறகு 15 நாளுக்கு ஒரு முறை. தேதியையும் எடையையும் நோட்டில் எழுத வேண்டும். 15 நாளில் ஒரு கிலோ கூட ஏறாத குட்டி இருந்தால் முதலில் தாயின் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மடி சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் மடிநோய். மடி மெதுவாக, வெறுமையாக இருந்தால் பால் இல்லை. மடி சரியாக இருந்தும் குட்டி ஏறவில்லை என்றால் கழிச்சல் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டோடு கால்நடை மருத்துவரிடம் போகலாம்.