ஒத்துக்கொள்ளாத சாப்பாடு: பிள்ளை பார்ப்பவருக்கும் தெரியணும்



காலையில் மலைக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் விடும்போது, "சோறு இருக்கு, பசிச்சா குடுங்க" என்று சொல்கிறீர்கள். சில பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நல்ல சாப்பாட்டையே சில பிள்ளைகளின் உடம்பு எதிரியாக நினைத்து எதிர்க்கும். அதுதான் ஒவ்வாமை. பசுப்பால், முட்டை, கச்சான், மீன், இறால், கோதுமை மா, சோயா ஆகியவற்றால் இது வரலாம். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து 2 மணித்தியாலத்துக்குள் தெரியும். தோல் தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். இது கண்ணூறு இல்லை.

எங்கே மறைந்திருக்கும்?

திரிபோஷாவில் சோளம், சோயா, பால்மா மூன்றும் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு உருண்டையே ஆபத்தாகலாம். மிக்ஸரில் கச்சான், சீனிச் சம்பலில் மாசி, கேக்கில் முட்டை, பிஸ்கட்டில் பால் இருக்கும்.

பிள்ளை பார்க்கும் வீட்டில்

1. ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாயாலும் சொல்லுங்கள்.
2. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனிக் கரண்டி வையுங்கள்.
3. ஒரு பிள்ளையின் சாப்பாட்டை இன்னொரு பிள்ளைக்குப் பங்கு போட வேண்டாம்.
4. ஊட்டும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.
5. "ஒரு வாய்க்கு ஒன்னும் ஆகாது, பழகிடும்" என்று கொடுத்துப் பார்க்காதீர்கள்.

ஆபத்து வந்தால்

மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், நாக்கு வீங்கினால், பிள்ளை துவண்டு விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தாயைக் கூப்பிட மலைக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதலில் வாகனம், பிறகுதான் தாய். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காசு இல்லை. அது வரச் சுணங்கினால் தோட்ட வாகனத்திலோ ஓட்டோவிலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். நடக்க விடாதீர்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள். மூச்சு அடைப்புக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. அரிப்புக் குளிசை போதாது. சுகமானது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், திரும்பவும் வரலாம்.

பயந்து பட்டினி போடாதீர்கள்

ஒரு தரம் வயிற்றோட்டம் வந்ததற்காக முட்டையும் மீனும் நிறுத்தினால் பிள்ளை மெலியும். எதை நிறுத்துவது, பதிலுக்கு எதைக் கொடுப்பது என்று டொக்டரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். தாய்ப்பாலை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்றிரவு வீட்டில் பேசுங்கள்: உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதது என்ன? அது பார்க்கும் அக்காவுக்குத் தெரியுமா? அவசரத்துக்கு யாருடைய வாகனம்?