படத்தின் வர்ணம் மிகாதிருக்க

அருப்புக்கோட்டைக் கைத்தறிச் சேலையையோ திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டையோ கைப்பேசியில் படமெடுத்து, அதன் வர்ணத்தைப் படத் திருத்தச் செயலியில் செம்மைப்படுத்த விரும்புவோர், 'சாச்சுரேஷன்' பட்டையை ஒரேயடியாக வலப்புறம் இழுத்துவிடாமல், முதலில் 'வைப்ரன்ஸ்' பட்டையைச் சிறிது உயர்த்திப் பார்ப்பதே உத்தமம்; ஏனெனில் முன்னது சகல நிறங்களையும் ஒருசேர ஏற்ற, பின்னதோ மங்கிய நிறங்களையே பிரதானமாகத் தூக்கி, முகத்தின் இயல்பான சாயலைப் பெரும்பாலும் காக்கிறது. கரிசல் மண்ணில் நீலம் பாய்ந்தாலும், சிவப்புச் சேலையின் இழைகள் மறைந்து ஒரே திட்டாகத் தெரிந்தாலும், அளவு மீறிவிட்டதென்று அறிந்து குறைத்துவிடுக. ஆயத்த ஃபில்டர்களையும் பாதி வீரியத்திலேயே பிரயோகிக்கலாம். சேலை விற்பனைக்கான படமாயின், சேலையைப் பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத இடத்தில் அருகே விரித்து, திரையின் பிரகாசத்தை நடுத்தரமாக்கி ஒப்பிடுவது அவசியம். துணியில் இல்லாத நிறத்தைக் காட்டுவது வாங்குபவருக்கும் நெய்தவருக்கும் அநீதி. மூலப் படத்தை அழிக்காமல், திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள்.