இணைய இணைப்பிற் புகமுடியாதபோது செய்யவேண்டியவை
(நெல், மரக்கறிச் செய்கையாளர்க்கு)

முன்னுரை

கம்பளைப் பகுதியிற் போஞ்சி, கோவா, தக்காளி முதலியவற்றைச் செய்கைபண்ணுவோர்க்கும், மகாவலி கங்கையை அடுத்த வயல்களில் நெல் விதைப்போர்க்கும் கைத்தொலைபேசி இன்று மண்வெட்டியைப் போன்ற ஒரு கருவியாகிவிட்டது. காய் பறிக்குமுன் தம்புள்ளைச் சந்தையின் விலையை அறிதல், மருந்து தெளிக்குமுன் மழை வருமா எனப் பார்த்தல், பசளை மானியப் பணம் வங்கிக் கணக்கிற்கு வந்துவிட்டதா எனத் தெரிந்துகொள்ளல் ஆகிய யாவும் இதனாற் கைகூடுகின்றன.

ஆயினும், அவசரமான வேளையிற் “புகமுடியவில்லை” என்னும் செய்தி தோன்றுவதுண்டு. அப்பொழுது சிலர் கண்டபடி எல்லாவற்றையும் மாற்றுகின்றனர். வேறு சிலர் கருவி பழுதென்று எண்ணிக் கடைக்குக் கொண்டுசெல்கின்றனர். விலை பாராது அனுப்பிய மரக்கறியினால் வரும் நட்டம் கமக்காரருடையதே. இத்தகைய தவறுகளிற் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம். அதற்குரிய முறையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நீர் எங்கே நின்றுவிட்டது?

வயலுக்கு நீர் வராவிடின், அனுபவமுள்ள கமக்காரர் அணைக்கட்டைக் குறைகூறுவதற்கு முன் தமது மடையைப் பார்ப்பார். பின்னர் வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, நீர் நின்ற இடத்தைக் காண்பார். இணையத்துக்கும் இதுவே முறை. இணையம் கருவியை அடைவதற்கு ஐந்து படிகள் உள்ளன: அலை, அனுமதி, முகவரி, வெளி இணைப்பு, நாம் புகவிரும்பும் தளம். முதற் படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லல் வேண்டும்.

1. அலை

மலைகளுக்கிடையேயுள்ள பள்ளங்களில் அலை குறைவாயிருத்தல் இயல்பு. வீட்டின் உள்ளறையிற் கிடைக்காத அலை, முற்றத்தில் அல்லது மேட்டுப் பாத்தியிற் கிடைக்கலாம். கருவியிலுள்ள விமானநிலைப் பொத்தானை அழுத்தி, அரை நிமிடத்தின் பின் மீண்டும் விடுவித்தால், அது கோபுரத்தைப் புதிதாகத் தேடிக்கொள்ளும். வீட்டில் வைஃபைப் பெட்டி இருப்பின் அதன் அருகிற் சென்று பார்க்க. அப்பெட்டி 5 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டும் வெளிவிடுமாயின், பழைய கைத்தொலைபேசிகள் சிலவற்றுக்கு அது தென்படாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையே சுவர்களைக் கடந்து அதிக தூரம் செல்லும்.

2. அனுமதி

கடவுச்சொல் பிழையென்னும் செய்தி வருமாயின், அச்சொல்லை மாற்றுமுன் அதனைச் சரியாகத் தட்டினோமா எனப் பார்த்தல் வேண்டும். சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திக்கொண்டு பின்வருவனவற்றைக் கவனிக்க:

(அ) ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். முதலெழுத்தைக் கருவி தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுவதுண்டு.
(ஆ) ஆங்கில ‘ஓ’ எழுத்தும் பூச்சியமும், சிறிய ‘எல்’ எழுத்தும் இலக்கம் ஒன்றும் ஒரே சாயலுடையன.
(இ) எழுத்துப் பலகை தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் அதனை ஆங்கிலத்துக்கு மாற்றுக.
(ஈ) சொல்லின் இறுதியில் வெற்றிடம் விழுந்திருந்தாலும் அது பிழையாகவே கொள்ளப்படும்.

யாவும் சரியாயிருந்தும் புகமுடியாவிடின், வைஃபைப் பெட்டியின் கடவுச்சொல்லை வீட்டிலுள்ளோர் எவரேனும் மாற்றினரா எனக் கேட்க. மாற்றியிருப்பின், கருவி பழைய சொல்லையே காட்டிக்கொண்டிருக்கும். சேமித்துவைத்த அந்த இணைப்பை நீக்கிவிட்டு, புதிய சொல்லுடன் மீண்டும் சேர்த்தல் வேண்டும்.

3. முகவரி

அனுமதி கிடைத்தபின், வைஃபைப் பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்க முகவரியை வழங்கும். அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். “முகவரி பெறப்படுகிறது” என்னும் செய்தி நெடுநேரம் நின்றாலும், கணினியில் 169.254 எனத் தொடங்கும் முகவரி காணப்பட்டாலும், பெட்டியிலிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். இது கடவுச்சொற் பிழையன்று. பெட்டியின் மின்னிணைப்பைத் துண்டித்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுக்க. பெட்டியின் பின்புறத்தில் ஊசியாற் குத்தும் சிறு துவாரத்தைத் தொடலாகாது. அதனைக் குத்தினால், சேவை நிலையத்தார் அமைத்துத் தந்தவை யாவும் அழிந்துவிடும்.

4. வெளி இணைப்பு

“இணைக்கப்பட்டுள்ளது, ஆயினும் இணையம் இல்லை” என்னும் செய்தி, மடை திறந்திருந்தும் வாய்க்காலில் நீரில்லை என்பதைப் போன்றதாகும். டேட்டா முடிந்துவிட்டதா, கட்டணம் செலுத்தப்பட்டதா எனப் பார்க்க. கைத்தொலைபேசியிற் புதிய சிம் அட்டையை இட்டிருந்தால், ஏபிஎன் எனப்படும் அமைப்பைச் சேவை நிலையத்தாரிடம் கேட்டுச் சரிசெய்க. பொது இடங்களிலுள்ள இலவச வைஃபையில், முதலில் ஓர் அனுமதிப் பக்கம் தோன்றி, அதில் இணங்கியபின்னரே இணையம் திறப்பதுண்டு.

5. தளத்திற் புகுதல்

மற்றைய தளங்கள் திறந்து, ஒன்று மட்டும் திறவாவிடின், முதலிற் கருவியின் திகதியையும் நேரத்தையும் பார்க்க. மின்கலம் முற்றாக இறங்கிய பழைய கருவிகளில் திகதி பின்சென்றுவிடுவதுண்டு. திகதி பிழையாயின் தளத்தின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தோன்றி, வாயில் அடைபடும்.

சில தளங்கள் குறுஞ்செய்தி மூலம் ஒருமுறைக் கடவெண்ணை அனுப்பும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது தேசிய எரிபொருள் அனுமதிக்குப் பதிந்தோர் இதனை அறிவர். இவ்வெண் வருவதற்கு இணையம் தேவையில்லை. தொலைபேசி அலை போதும். எவ்வளவு நேரமாயினும் வராவிடின், முன்னர் பதிந்தது பழைய தொலைபேசி இலக்கமாக இருக்கலாம். தொலைபேசி இலக்கத்தை மாற்றுவோர், வங்கியிலும் கமநல சேவை நிலையத்திலும் புதிய இலக்கத்தைத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.

செய்யத்தகாதவை

பிழையான கடவுச்சொல்லைத் திரும்பத்திரும்ப இடலாகாது. வங்கிக் கணக்குப் பூட்டப்பட்டுவிடும். ஒரே வேளையிற் பலவற்றை மாற்றலாகாது; எதனாற் சரிவந்தது என்பது தெரியாமற் போகும். கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவெண்ணையும் எவரிடத்தும் சொல்லலாகாது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் கேட்பாராயின், அவர் பணத்தைக் கவர முயல்பவரென்றே கொள்க.

அனர்த்த காலத்தில்

2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கொணர்ந்த பெருமழையினாற் கண்டி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு, பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. இத்தகைய வேளையிற் குறை கருவியிலன்று, கோபுரத்திலாகும். அயலவரின் கருவியும் வேலைசெய்யாவிடின் எதனையும் மாற்றாது, மின்கலத்தைச் சேமித்து வைக்க. டேட்டா செல்லாத இடத்திலும் குறுஞ்செய்தி சென்றுவிடுவதுண்டு. அலை கிடைத்தவுடன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். சரிவான நிலத்திலுள்ளோர், இணையச் செய்திக்காகக் காத்திராது பாதுகாப்பான இடத்துக்குச் செல்லல் வேண்டும்.

முடிவுரை

இணையம் இல்லையென்று பயிருக்கான ஆலோசனை நிற்கவேண்டியதில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைச் சேவைக்குச் சாதாரண தொலைபேசி அழைப்பே போதும். கமக்காரர்களே, அலை, அனுமதி, முகவரி, வெளி இணைப்பு, தளம் ஆகிய ஐந்தையும் இவ்வொழுங்கிலேயே பார்த்துவாருங்கள். அதன் பின்னரும் குறை நீங்காவிடின், திரையிற் கண்ட செய்தியை அவ்வாறே எழுதிக்கொண்டு சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள். நோய்கண்ட இலையைப் போதனாசிரியரிடம் கொண்டுசென்று காட்டுவதைப் போன்று, அச்செய்தியும் குறையை இன்னதென்று விரைவில் உணர்த்தும்.