ஆர்டர் போடும் முன் ‘யு’ இருக்கிறதா என்று பாருங்கள்

சங்கரன்கோவிலில் உயிர்வேதியியல் படிக்கும் முதுகலை மாணவர்களுக்குப் பல வருடங்களாக ப்ராஜெக்ட் வழிகாட்டியாக இருக்கிறேன். இப்போது பலரும் ஜிபிஎக்ஸ்4 என்ற செலினிய நொதியைக் கேட்டு வருகிறார்கள். செல் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காப்பது இதன் வேலை. 2012-இல் ‘ஃபெராப்டோசிஸ்’ என்று பெயர் பெற்ற செல் மரணத்தைத் தடுத்து நிறுத்துவதும் இதுதான் என்று தெரிந்ததிலிருந்து புற்றுநோய் ஆய்வில் இதற்குத் தனி மவுசு. ஆய்வகத்தில் செயற்கையாக உற்பத்தி செய்த மனிதப் புரதத்தை மைக்ரோகிராம் கணக்கில் குப்பியில் வாங்குகிறோம். விலை அதிகம். அதனால் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் அமினோ அமில வரிசையைப் படியுங்கள்

மனிதருக்கு 25 செலினியப் புரத மரபணுக்கள் உண்டு. இவற்றின் உயிர்நாடி 21-ஆவது அமினோ அமிலமான செலினோசிஸ்டீன். வரிசையில் ‘யு’ என்ற எழுத்தால் குறிப்பார்கள். இதற்கான மரபுக் குறி யுஜிஏ. மற்ற மரபணுக்களில் அதற்கு ‘இத்தோடு நிறுத்து’ என்று பொருள். நம் செல்களோ ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் இருக்கும் செசிஸ் என்ற மடிப்பின் உதவியால், நிறுத்தாமல் செலினோசிஸ்டீனைச் சேர்த்துவிடும். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு அந்த மடிப்பு பயன்படாது. அதற்கான செசிஸ் யுஜிஏவை ஒட்டியே இருக்க வேண்டும். அதனால் பாக்டீரியாவில் தயாரிப்பவர்கள் பலர் அந்த இடத்தில் சிஸ்டீனை வைத்துவிடுகிறார்கள். தகவல் தாளில் ‘யு46சி’ என்று பொடி எழுத்தில் இருக்கும்.

“ஒரு செலினியத்துக்குப் பதிலா ஒரு கந்தகம். அதுல என்ன சார் பெருசா மாறிடப் போகுது?” என்று ஒரு மாணவி கேட்டார். மாறுகிறது. செலினோசிஸ்டீனின் பிகேஏ சுமார் 5.2, சிஸ்டீனுடையது சுமார் 8.3. பிஹெச் 7.4-இல் முன்னது புரோட்டானை இழந்து வினைக்குத் தயாராக நிற்கும். பின்னது பெரும்பாலும் புரோட்டானை விடாது. நொதியின் வேகம் பல மடங்கு விழுந்துவிடும். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு அளவுகோலாக வைக்கச் சிஸ்டீன் வடிவம் போதும். நொதிச் செயல்பாட்டை அளக்கவோ, செலினியத்தைக் குறிவைக்கும் மருந்தைச் சோதிக்கவோ அது உதவாது.

2. ஜெல்லை மட்டும் நம்ப வேண்டாம்

இன்னொரு செலினிய நொதியான தயோரெடாக்சின் ரிடக்டேஸ்1-இல் செலினோசிஸ்டீன் கடைசிக்கு முந்தைய இடத்தில், 498-ஆவதாக இருக்கிறது. யுஜிஏவில் உற்பத்தி நின்றுபோனாலும் புரதம் ஏறக்குறைய முழு நீளம் வந்துவிடும். ஜெல்லில் வித்தியாசம் தெரியாது. மாஸ் ஸ்பெக் அறிக்கை கேளுங்கள். சிஸ்டீன் வைத்த வடிவமாக இருந்தாலும், செலினியத்துக்கும் கந்தகத்துக்கும் சுமார் 47 டால்டன் வித்தியாசம் இருப்பதால் விஷயம் தெளிவாகிவிடும்.

பெயரிலும் கவனம் தேவை. ‘செலினியம் பிணைக்கும் புரதம்1’ மேலே சொன்ன 25-இல் சேராது. அதில் செலினோசிஸ்டீன் கிடையாது.

3. பார்சல் வரும் நாளைத் திட்டமிடுங்கள்

டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரியில் நேராக ஆவியாகும். நம் ஊர் வெயிலில் பெட்டி சனி, ஞாயிறு கூரியர் ஆபீஸில் கிடந்தால் குளிர் மிஞ்சாது. வாரத் தொடக்கத்தில் கையில் கிடைக்கும்படி ஆர்டர் போடுங்கள். ஆடித்தபசுத் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். விடுமுறையும் கூட்டமும் சேர்ந்து பார்சலைத் தாமதப்படுத்தும்.

குப்பியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள். தூள் மூடியில் ஒட்டியிருந்தால் திறந்ததும் பாதி போய்விடும். தாளில் சொன்ன திரவத்தில் கரைத்து, ஒருமுறை பயன்பாட்டுக்கான சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். செலினியம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் டிடிடி போன்ற ஒடுக்கி வேண்டுமா என்று பாருங்கள். கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள்.

4. அளவீட்டில் பிளாங்க் முக்கியம்

குளூட்டாதயோன் ரிடக்டேஸையும் என்ஏடிபிஹெச்சையும் சேர்த்து, 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைவதைப் பார்ப்பதுதான் நொதிச் செயல்பாட்டை அளக்கும் வழக்கமான முறை. நொதி இல்லாமலும் குளூட்டாதயோன் பெராக்சைடுடன் மெல்ல வினைபுரியும். நொதி சேர்க்காத பிளாங்க்கை ஒவ்வொரு முறையும் ஓட்டி, அந்த வேகத்தைக் கழியுங்கள். குளூட்டாதயோனை அன்றன்றே கரையுங்கள். அதே குடும்பத்து ஜிபிஎக்ஸ்1-க்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஜிபிஎக்ஸ்4-இன் தனித்திறமை பாஸ்போலிப்பிட் ஹைட்ரோபெராக்சைடில்தான் தெரியும்.

5. வேதியியலையும் படியுங்கள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. முகேஷ் இந்த நொதிகளைப் போலச் செயல்படும் செலினிய மூலக்கூறுகளை நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிறார். 2019-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். அந்தக் குழுவின் கட்டுரைகளைப் படித்தால் செலினியம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபடும்.

கடைசியாக, ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் எந்தச் செல்லில் தயாரான புரதம், எந்த டேக், அந்த இடத்தில் இருப்பது ‘யு’வா ‘சி’யா என்ற மூன்றையும் எழுதுங்கள். அடுத்து அதே சோதனையைச் செய்யப்போகும் மாணவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அது.